உம்மணன் எத்திணை?

2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், புதன்கிழமை, முற்பகல் பதினொரு மணி பத்து நிமிடத்தில், காற்று அறவே நின்று, நிழலிலும் நூற்று மூன்று டிகிரி வெப்பம் பதிவாகியிருந்த வேளையில், மனிதகுலம் தோன்றிய நாள்தொட்டு எந்த அரசவையும் தொடத் துணியாத ஒரு வினா, சூலக்கரையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பதிவேட்டில் ஏறியது. யார் மனிதர், யார் மனிதர் அல்லர் என்பதே அவ்வினா. விடை மூன்று மாதத்துக்குள் கையொப்பத்துடன் கிடைத்துவிட்டது என்பதை வருங்காலம் நம்ப மறுக்கலாம்.

வினாவைக் கொண்டுவந்தவளுக்குத் தான் கொண்டுவந்தது அதுதான் என்று தெரியாது. அவள் பெயர் மாரிசெல்வி. ஊர் ஆமத்தூர், வயது இருபத்தாறு. அய்யாதுரை என்பவரின் பட்டாசுக் கம்பெனியில், பதினான்காம் எண் அறையில், புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பவள். அந்த அறையின் வாசலுக்கு மேலே வெள்ளைப் பெயிண்டில் 'ஆட்கள் 4' என்று விதிப்படி எழுதியிருக்கும். உள்ளே ஒன்பது பேர் இருப்பார்கள். மாரிசெல்வியின் இடம் உள்மூலை. அவளுக்கும் வாசலுக்கும் நடுவே ஆறு பெண்களின் முழங்கால்களும் அவர்கள் முன்னால் மருந்துத் தட்டுகளும் இருந்தன. தீ என்று ஒன்று வந்தால் அத்தனையையும் தாண்டி வெளியேற எவ்வளவு நேரமாகும் என்று ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். பதினொன்று வரை எண்ண வேண்டியிருந்தது. மருந்துக்கு அவ்வளவு எண்ணத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு மனு எழுதினாள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தெட்டு எடுத்தவள். மனு நன்றாகவே அமைந்தது. 'பொருள்: நால்வர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேற்பட்டோர் இருப்பது குறித்து' என்று தொடங்கியது. கீழ்த்தளத்தில் தபால் வாங்குபவர் கம்பெனியின் பெயரைப் பார்த்தார், அக்கம்பெனியின் கோப்பு ஒன்று இரண்டாம் மாடியில் இருப்பது நினைவுக்கு வந்தது, அவளை மனுவோடு மேலே அனுப்பிவைத்தார்.

இரண்டாம் மாடியில் இயங்கியது 'பட்டாசு உறைச் சித்திர நெறிமுறைக் குழு'. பெட்டிகளின் மேல் அச்சாகும் படங்கள் பண்பாட்டுக்கும் விதிகளுக்கும் உட்பட்டவையா என்று ஆராய்வது அதன் பணி. பெட்டிக்குள் இருப்பதை ஆராய்வது அதன் பணி அன்று. பெட்டியைச் செய்பவர்களை ஆராய்வது எவர் பணி என்பது பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது.

குழுவின் எழுத்தர் கண்ணுச்சாமி. முறையாக இலக்கணம் பயின்று புலவர் பட்டம் பெற்றவர். ஒற்று மிகக்கூடாத இடத்தில் மிகுந்திருந்தது என்பதற்காகத் தம் மேலதிகாரியின் விடுப்பு விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பியவர். அலுவலகத்திலும் எழுத்துத் தமிழிலேயே பேசுவார். டீக்கடையில் மட்டும் சைகை காட்டுவார்.

மாரிசெல்வி மாடியேறி வந்தபோது அவர் மேசையில் ஒரு லேபிள் விரிந்துகிடந்தது. அய்யாதுரை கம்பெனி அந்தச் சீசனுக்கு வெளியிடவிருந்த 'உம்மணன் புஸ்வாணம்' என்னும் புதுச் சரக்கின் லேபிள். உம்மணனை அந்த ஆண்டு அறியாத பிள்ளைகள் இல்லை. மாலை ஐந்தரை மணிக் கார்ட்டூன் தொடரில் வரும் காட்டுயிர் அது. பாசி படர்ந்தாற்போலப் பச்சை மயிர், ஒற்றைக் கொம்பு, எப்போதும் தொங்கிய முகம். நடுக்காட்டுக் குகையில் தனியே கிடக்கும். அவ்வழியே போகும் நால்வர்மேல் முதல் பத்துப் பகுதிகளிலும் கல்லெறியும். பதினோராம் பகுதியில் அந்த வழிப்போக்கர்கள் தங்கள் கட்டுச்சோற்றில் ஒரு பங்கைக் கொடுப்பார்கள். அதன்பின் ஐவரும் ஒன்றாகக் காடு காடாகச் சுற்றுவார்கள். லேபிளில் அந்த ஐவரும் குகைக்குள் ஒரு புஸ்வாணத்தைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள்.

கண்ணுச்சாமி மனுவின் பொருளைப் படித்தார். பொருள் செம்மையாக எழுதப்பட்ட மனுவில் மற்றதைப் படிப்பது எழுதியவரை ஐயுறுவதாகும் என்பது அவர் கொள்கை. லேபிளைப் பார்த்தார். தலைகளை எண்ணினார். ஐந்து. கம்பெனியும் அதுவே; குகையும் ஓர் அறைதான். அவர் உடல் ஒருமுறை சிலிர்த்தது.

"இதனை எழுதியவர் நீங்களா?"

"ஆமாங்க சார்."

"'மேற்பட்டோர்'! ஒரு பிழைகூட இல்லை."

"அது இருக்கட்டும் சார். இதப் பாத்துட்டு யாரும் வந்து பாப்பாகளா?"

"நேரில் வந்து ஆய்வோம்."

"எப்ப சார்? சீசன் ஏறிக்கிட்டிருக்கு. இன்னும் ஆளக் கொண்டாந்து அடைப்பாக."

"கம்பெனிக்கு முறைப்படி அறிவித்துவிட்டு வருவோம். சொல்லாமல் ஒருவர் இடத்துக்குப் போவது தமிழர் பண்பாடு அன்று."

மாரிசெல்வி படியிறங்கினாள். யாரோ ஒருவர் தன் மனுவைப் படித்துச் சிலிர்த்தது அவளுக்கு நம்பிக்கையாக இருந்தது.

*

நேராய்வு ஜூலை ஐந்தாம் நாள் என்று கம்பெனிக்கு ஒரு வாரம் முன்னதாகவே கடிதம் போயிற்று. அன்று காலை ஒன்பதரைக்குப் போர்மேன் சங்கிலிமுத்து பதினான்காம் எண் அறையின் வாசலில் வந்து நின்றார்.

"ரிஜிஸ்தர்ல இல்லாதவுக அஞ்சு பேரும் எந்திரிங்க. அங்கன கருவேலங்காட்டுக்குள்ள போயி உக்காந்துக்கங்க. விசில் அடிச்சா வந்தாப் போதும்."

மாரிசெல்விக்குப் பக்கத்தில் அமர்பவள் சின்னத்தாய். ஐம்பது வயது, நாக்குக்கு வயதில்லை. "போன வருசம் கெணத்துக்கு அங்கிட்டு ஒக்கார வச்சீக. இந்த வருசம் காடு. அடுத்த வருசம் என்ன அண்ணாச்சி, கடலா?"

"நட ஆத்தா. ஒனக்குன்னு தனியா பந்தல் போட முடியாது."

"முள்ளு கெடக்கு அண்ணாச்சி."

"மருந்துக்கு முள்ளு எம்புட்டோ தேவல."

ஐவரும் தூக்குவாளிகளோடு போய் முள்மரங்களுக்கு நடுவே அமர்ந்தார்கள். மாரிசெல்வி தன் கணக்கில் ஒரு குறை இருப்பதை அப்போதுதான் கண்டாள். ஆய்வு செய்ய வருபவர்கள் தன்னைத்தான் எண்ண வேண்டும். எண்ண வரும்போது தான் அங்கே இருக்க முடியாது.

பத்தரைக்கு ஜீப் வந்தது. குழுத் தலைவர் செந்தூர்பாண்டி இறங்கினார். எதையும் இருமுறை எண்ணாமல் நம்பாதவர். தமக்குக் கொடுத்த இளநீரில் ஒரே ஒரு துளைதான் இருக்கிறதா என்றுகூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி அய்யாதுரை வெள்ளைச் சட்டையில், கைகட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். பதினான்காம் எண் அறைக்குள் எட்டிப் பார்த்த செந்தூர்பாண்டி இருமுறை எண்ணினார். இருமுறையும் நான்கு. கதவில் ஒட்டியிருந்த மாதிரி லேபிளை எண்ணினார். இருமுறையும் ஐந்து.

"பாத்தீகளா அய்யாதுரை? ரூம் சுத்தமா இருக்கு. படத்துலதான் தப்பு."

காட்டிலிருந்து மாரிசெல்விக்கு அது காதில் விழுந்தது. மஞ்சள் சேலையோடு எழுந்து கையை ஆட்டினாள்.

"அங்கன மஞ்சளா என்னமோ அசையுதே?" என்று கேட்டார் செந்தூர்பாண்டி.

"ஆடு சார்" என்றார் சங்கிலிமுத்து, இமைக்காமல்.

"மஞ்ச ஆடா?"

"செவல ஆடு சார். வெயில்ல அப்படித் தெரியும். மொத்தம் அஞ்சு உருப்படி."

கண்ணுச்சாமி குறிப்பேட்டில் 'உருப்படி' என்று எழுதப்போய், அது எண்ணுப்பெயர் அன்று என உணர்ந்து, 'அறைக்கு வெளியே, காட்டோரம், ஆடுகள் ஐந்து. அவற்றுள் ஒன்று செவலை' என்று திருத்தமாக எழுதினார். சாட்சியாகச் சங்கிலிமுத்து கையொப்பமிட்டார்.

மாரிசெல்வி காட்டைவிட்டு வெளியே ஓரடி வைத்தாள். சின்னத்தாய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இப்ப அங்கன போனீன்னா, நாளைக்கு ஒன் எடத்துல வேற ஆடு உக்காந்திருக்கும். பேசாம இரு."

*

விசாரணை ஆகஸ்டு இரண்டாம் நாள் நடந்தது. அதற்கு முன்பே குழு தன் கடமையில் இறங்கியிருந்தது. விதி 'நான்கு பேர்' என்கிறது. குகையில் வழிப்போக்கர் நால்வர் இருப்பதில் ஐயமில்லை. உம்மணனும் 'பேர்' என்னும் சொல்லில் அடங்குவானா என்பதே வழக்கு. அதைத் தீர்க்க உறுப்பினர்கள் மூன்று அமர்வுகளில் இருபத்துநான்கு பகுதிகளைக் குறுந்தகட்டில் பார்த்தார்கள். குகைவாசலில் உம்மணன் தனியே உட்கார்ந்து தன் நிழலுக்குப் பழம் கொடுக்கும் காட்சியில் செந்தூர்பாண்டி எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதயம் இல்லை என்பாரை அன்று அங்கே அழைத்து வந்திருக்க வேண்டும்.

மனுதாரர் என்ற முறையில் மாரிசெல்விக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதன் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் அய்யாதுரை பேசினார்.

"சார், அது மிருகம். மிருகத்த எங்கனயாச்சும் ஆள் கணக்குல சேத்ததுண்டா? ப்ரெஸ்ல நாப்பதாயிரம் லேபிள் காத்துக்கிட்டு கெடக்கு. ஆர்டர் குடுத்தவன் தெனமும் போன் போடுறான்."

"பதினோராம் பகுதியில அவரு நன்றி சொல்லுறாரே, கவனிச்சீகளா?" என்றார் செந்தூர்பாண்டி.

"எவரு?"

"உம்மணன்."

குழுவில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "முப்பத்திரண்டு வருசம் மாடு பாத்திருக்கேன். ஒண்ணுகூட நன்றின்னு சொன்னதில்ல."

பிறகு கண்ணுச்சாமி எழுந்தார்.

"வினைமுற்றை நோக்க வேண்டும். பத்தாம் பகுதி முடிய, 'உம்மணன் வந்தது' என்றே வழிப்போக்கர்கள் பேசுகிறார்கள். பதினொன்றில் சோற்றைப் பகிர்கிறார்கள். அடுத்த வாக்கியமே 'உம்மணன் வந்தான்'. ஒரு கவளத்தில் திணை மாறிவிட்டது. அஃறிணையாக வாங்கி, உயர்திணையாக உண்கிறார்."

"வலது கையாலதான் வாங்குனாரு" என்று மருத்துவர் துணைசெய்தார்.

செந்தூர்பாண்டி கண்களைத் துடைத்துக்கொண்டு மாரிசெல்வியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. ஒன் மனுதான இது. ஏதாச்சும் சேத்துச் சொல்லணுமா?"

மாரிசெல்வி எழுந்தாள். "சார், நான் எழுதுனது இந்தப் படத்தப் பத்தி இல்ல சார். எங்க ரூமப் பத்தி. பதினாலாம் நம்பர் ரூம்ல நாங்க ஒம்பது பேரு இருக்கோம்."

செந்தூர்பாண்டி குறிப்பேட்டைப் புரட்டினார். "ஜூலை அஞ்சாந்தேதி நேர்ல பாத்தோமே. உள்ள நாலு பேரு. வெளிய அஞ்சு ஆடு."

"அந்த ஆட்டுல ஒண்ணு நான்தான் சார்."

அய்யாதுரை மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார்.

"நீ ஆடா?"

"ஆமா சார். மஞ்ச ஆடு."

"குறிப்புல 'செவலை'ன்னு இருக்கே" என்றார் செந்தூர்பாண்டி வருத்தத்துடன். "நெறம் முன்னுக்குப் பின் முரணா இருக்கு."

"நிறம் நிற்கட்டும்" என்றார் கண்ணுச்சாமி. "மனுதாரர் தம்மை அஃறிணை என ஒப்புக்கொண்டதைப் பதியலாமா?"

"பதியுங்க."

"நான் ஒண்ணும் ஒப்புக்கல சார். நீங்கதான் அப்படி எழுதி வச்சிருக்கீக." அவள் குரல் உயர்ந்தது. "சார், நான் ஒக்காந்திருக்கது உள்மூல. வெளிய வரணும்னா ஆறு பேரு முட்டியத் தாண்டணும். பதினொண்ணு எண்ணுற நேரம் ஆகுது. ஒரே வாசல் சார். நடுவுல அம்புட்டும் மருந்து. பத்திக்கிச்சுன்னா நாங்க எப்படி வெளிய வருவோம்?"

ஒரு தனிமனிதக் குரல் ஓர் அவையை இவ்வளவு அசைத்தது அரிது. செந்தூர்பாண்டியின் முகம் வெளிறியது. மெல்ல லேபிளை எடுத்தார். விரலை வைத்துத் தேடினார்.

"ஒரே வாசலா..." என்றார். "ஆமா. இந்தக் குகைக்கு ஒரே வாசல்தான் இருக்கு! அதுவும் உம்மணன் உள்மூலையில உக்காந்திருக்காரு! நடுவுல புஸ்வாணம் எரியுது!"

"ஐயோ" என்றார் மருத்துவர்.

கொண்டுவந்த டீயை எவரும் தொடவில்லை. தீப்பற்றிக்கொண்டால் உம்மணன் வெளியேற எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

படிக்கட்டில் அய்யாதுரை அவளுக்காக நின்றார். கோபப்படவில்லை, கோபப்பட அவருக்குத் தேவை எழவில்லை.

"நல்லாத்தான் பேசுன மாரி. ஆனா ஒண்ணு யோசி. ஒம்பத நாலாக்குனா மிச்ச அஞ்சு பேரு எங்கன போவீக? அந்த அஞ்சுல நீயும் ஒருத்தி."

"இன்னொரு ரூம் கட்டலாம்ல மொதலாளி."

"கட்டலாம். அதுக்கு லைசென்ஸ் கேட்டா, பாக்க இவுகள மாதிரியே நாலு பேரு வருவாகளே. அதுக்குள்ள மூணு தீவாளி போயிரும்." படியிறங்கியவர் திரும்பினார். "எனக்கும் பயம் இல்லாம இல்ல தாயி. நான் ஆபீஸ் ரூம்ல இருக்கேன், அம்புட்டுதான்."

*

ஆவணி பிறந்தது. ஆர்டர்கள் குவிந்தன. பதினான்காம் எண் அறைக்கு விஸ்வநத்தத்திலிருந்து இன்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள். தாண்ட வேண்டிய முழங்கால்கள் எட்டாயின. மாரிசெல்வி இப்போது எண்ணிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். சின்னத்தாய் மட்டும் காலையில் அறைக்குள் நுழையும்போது, "வாங்க வாங்க, மந்தை பெருத்துப்போச்சு" என்பாள்; யாரும் சிரிக்கமாட்டார்கள், மருந்துத் தட்டு அசையும் என்பதால்.

செப்டம்பர் ஆறாம் நாள் ஆணை தயார் என்று அஞ்சலட்டை வந்தது. மாரிசெல்வி அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சூலக்கரைக்குப் பஸ் ஏறினாள்.

கண்ணுச்சாமி அவளுக்காகக் காத்திருந்தார். மேசைமேல் நான்கு பக்க ஆணை. கடைசிப் பக்கத்தில் செந்தூர்பாண்டியின் பச்சை மைக் கையொப்பம். அதைத் தம் பிள்ளையைக் காட்டுவதுபோல அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"படியுங்கள். இம்மாவட்டத்தில் இதனைப் படிக்கத் தக்கவர் நீங்கள் ஒருவரே."

அவள் நின்றபடி படித்தாள்.

உம்மணன் உயர்திணை என்று குழு ஒருமனதாகக் கண்டிருந்தது. இனி எழுத்துப் போக்குவரத்தில் அவர் 'உம்மணனார்' என்றே குறிக்கப்பெறுவார். எனவே படத்தில் இருப்போர் ஐவர், இது விதிமீறல். மிகுதியான ஒருவரை நீக்க வேண்டும். உம்மணனாரை நீக்கினால் அவர் மீண்டும் தனியராவார். அத்தகைய கொடுமைக்கு இக்குழு உடன்படாது. ஆதலால் வழிப்போக்கருள் ஒருவர் குகைக்கு வெளியே, மரநிழலில், குடிநீர்ப் பானையுடன் அமர்ந்திருப்பதாக வரையப்பட வேண்டும். குகைக்கு நான்கு வாசல்கள் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். வாசல்தோறும் மணல் வாளி வேண்டும். உம்மணனாரின் இருக்கை வாசலை ஒட்டி அமைய வேண்டும். அவருக்கும் வாசலுக்கும் இடையே எவருடைய முழங்காலும் இருத்தல் கூடாது.

மாரிசெல்வி அந்த வரியின்மேல் சற்று நேரம் நின்றாள். பிறகு கடைசிப் பத்திக்கு வந்தாள்.

'மனுவில் கூறப்பட்ட பதினான்காம் எண் அறையைப் பொறுத்தவரை, அங்கு நால்வர் இருந்தனர். எஞ்சிய ஐந்தும் வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. அவை அஃறிணையாதலின், "பேர்" என்னும் எண்ணில் அடங்கா. ஆகவே மீறல் ஏதுமில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.'

இரண்டு முறை படித்தாள். கண்ணுச்சாமி அவள் முகத்தையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழை ஏதேனும் உண்டா?"

"ஒண்ணு இருக்கு சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தொன்பது ஆண்டுப் பணியில் அவர் எழுத்தில் எவரும் பிழை கண்டதில்லை. "எங்கே?"

கையொப்பம் இடுவதற்காக அடியில் விட்டிருந்த வரியின்மேல் மாரிசெல்வி விரலை வைத்தாள். புஸ்வாண மருந்து ஏறிக் கறுத்த விரல். 'மேற்படியார் ஆணையை நேரில் பெற்றுக்கொண்டார்' என்று இருந்தது.

"மேல எங்கள 'மேய்ந்துகொண்டிருந்தன'ன்னு எழுதியிருக்கீக. கீழ 'பெற்றுக்கொண்டார்'னு வருது. ஒரே ஆணையில ரெண்டு திணை வரலாமா சார்?"

கண்ணுச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மேல்வரியைப் படித்தார். கீழ்வரியைப் படித்தார். அவர் காதுமடல்கள் சிவந்தன. எதிரே நிற்பது எதுவாயினும், சுட்டிக்காட்டப்பட்ட பிழையை ஏற்பதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும். அது அவரிடம் நிறையவே இருந்தது.

"திணை வழு" என்றார் தாழ்ந்த குரலில். "பொறுத்தருள்க."

சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். 'மேற்படியார்' என்பதில் 'யார்' என்பதை மட்டும் அடித்தார். 'பெற்றுக்கொண்டார்' என்பதன் ஈற்றைத் திருத்திப் 'பெற்றுக்கொண்டது' என்றாக்கினார். ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதி, ஆணையை அதனிடம் கொடுத்தார்.